உள் விளிம்பு

வெளியே நின்று பார்த்தால் புது டயர்.
பட்டன் முழுசாய் இருக்கிறது.
பக்கச்சுவரில் டெல்வின் தன் கையால் தீட்டிய
வெள்ளை எழுத்துகூட மங்கவில்லை.
"ஸ்டேரிங் கொஞ்சம் இழுக்குதுக்கா, அவ்ளோதான்.
ரெண்டு திருகு திருகினா சரியாயிடும்."

ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி
உட்புறத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒரு விரல் அகலத்துக்குக் கம்பி.
ரப்பர் போய், சுத்தி வர,
நக்கிவிட்டுப் போட்ட வஞ்சிர முள் மாதிரி.

மூன்றே மாதம்.
வியாசர்பாடியில் யாரோ கிரைண்டர் வைத்து
ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று அறுத்த நாளிலிருந்து.

காரை இறக்கினால் கார் மட்டுமா இறங்குகிறது.
கீழே பிடித்திருக்கும் ஆர்ம் அண்ணாந்துகொள்ள
சக்கரம் தலையை உள்ளே சாய்க்கிறது.
டை ராடின் கோணம் மாறி
முன்சக்கரம் இரண்டும்
ஒன்று ராயபுரத்துக்கும் ஒன்று பெரம்பூருக்கும்
போகப் பார்க்கின்றன.
ரோடு நேராகத்தான் போகிறது.
நடுவில் ரப்பர் அறுபடுகிறது,
ஓட்டுகிறவனுக்குத் தெரியாத பக்கத்தில்.

"தடவிப் பாரு," என்றேன்.
ஒரு திசையில் வழுக்கியது.
திரும்பி வரும்போது ரம்பம்.
கையை உதறிக்கொண்டான்.

மெஷினில் எல்லாம் சிவப்பு.
இடது கேம்பர் மைனஸ் இரண்டு டிகிரி நாற்பது நிமிஷம்.
வலது கொஞ்சம் தேவலாம்.
டோவை நான் நேராக்கிவிடுவேன்.
கேம்பருக்கு இந்த வண்டியில் திருக ஒன்றுமே இல்லை.
இப்படி ஒருத்தன் வாங்குவான் என்று
கம்பெனிக்காரன் நினைக்கவில்லை.
போல்ட் தனியாக வாங்க வேண்டும்.

"பழைய ஸ்பிரிங்கே போட்டுடலாமே?"

வெகுநேரம் கழித்துச் சொன்னான்.
கொருக்குப்பேட்டையில் அவன் தெருவுக்கு
நாலு தடவை ரோடு போட்டாயிற்று.
ஒருதடவையும் பழசைச் சுரண்டவில்லை.
மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு
இப்போது இரண்டு படி இறங்க வேண்டும்.
"கட்டில்ல உக்காந்து ஜன்னலைப் பாத்தா
என் வண்டியோட வயிறுதான்க்கா தெரியும்.
சைலன்சரு. சேறு.
அறுத்த அப்புறம்தான்
ஹெட்லைட்டு என்னைப் பாக்குது."

அதற்கு என்னிடம் அளவு எதுவும் இல்லை.

எங்கள் ஷெட்டும் இறங்குகிறது.
ராத்திரி பூரா துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்.
கிழக்கு மூலை வருஷத்துக்கு ஒரு நகக்கண் அளவு.
மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை
பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பிடித்து
ரேக்குக்கு அடியில் தகரம் சொருகுவேன்.
மறந்துபோன ஒரு டிசம்பரில்
எண்பது வண்டிக்குத் தப்பான கணக்கு எழுதியிருக்கிறேன்.
யாரும் திரும்பி வரவில்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இறக்கின உயரத்துக்கே டோவை வைத்தேன்.
முன்னால் இரண்டு புது டயர்.
போல்ட்டுக்கு அட்வான்ஸ் முந்நூறு கொடுத்தான்,
பாக்கி சம்பளம் வந்ததும்.
"ஆறாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா
குனிஞ்சு உள்ளே பாரு.
வெளியே பாத்து ஏமாறாதே."
தலையாட்டினான்.
ஷெட் வாசலில் ரோடு ஏறுகிற இடத்தில்
அடிவயிறு தட்டிற்று. கரக்.
நிறுத்தவில்லை.

சாயங்காலம் காசிமேட்டிலிருந்து தேசப்பன் வந்தான்,
படகுக்குப் பக்கத்தில் கட்டப் பழைய டயர் கேட்டு.
டெல்வினுடையதை உருட்டிவிட்டேன்.
"கம்பி இருக்கிற பக்கத்தை வெளியே பாத்த மாதிரி கட்டு.
உள்ளே கட்டினா உன் படகைக் கீறிடும்."

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு
கொஞ்சம் யோசித்தான்.

"வெளியே கட்டினா
பக்கத்துப் படகு எங்க சித்தப்பனுதுக்கா."